மாதிரிப் பத்திரிகையில் இருந்த இரண்டு பெயர்கள்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், சிம்மக்கல்லில் ஒரு மாடியில் இருந்த கல்யாணப் பத்திரிகைக் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் அவள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள். நான் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவன். மதுரையில் நரைத்த டீக்கடைக்காரர்கூட என்னை அண்ணே என்பார். அவள் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே நான் ஏகப்பட்ட கோட்டை கட்டியிருந்தேன்.

வாடிக்கையாளரின் விவரங்களைத் தட்டினால் திரையிலேயே பத்திரிகை தயாராகும்படி ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பக்கம் எழுதினேன். மாதிரிக்கு ஏதாவது பெயர் வேண்டுமே என்றேன். மணமகன் இடத்தில் என் பெயரையும் மணமகள் இடத்தில் தன் பெயரையும் போட்டுவிட்டு, சும்மாதான் என்றாள். என் நிரல் அந்தப் பெயர்களைத் தேடி, ஒவ்வொன்றாகப் புதுப் பெயராக மாற்றும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வருவது எங்கள் கல்யாணம்தான். எனக்கு அது அலுக்கவே இல்லை.

அதைக் கெடுத்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். அவருக்கும் என் பெயர்தான். குலசாமி பெயர், எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கும். நிரல் முதலில் பெண்ணின் அப்பா இடத்தில் அவர் பெயரை வைத்தது. அடுத்து என் பெயர் கண்ட இடத்திலெல்லாம் மாப்பிள்ளையின் பெயரைப் போட்டது. அவரையும் விடவில்லை.

"மகளுக்கு மாப்ள பாத்தா, எனக்கும் மாப்ள பேரையே வச்சுட்டீகளே தம்பி" என்று அவர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பெயருக்குப் பதிலாக [மணமகன்], [மணமகள்] என்று எவருக்கும் பெயராக இருக்க முடியாத குறிகளை வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் நிரப்ப வேண்டும். நிரப்பியதை மறுபடி தொடக் கூடாது. அவளிடம் விளக்கினேன்.

"அப்ப நம்ம பேரு போயிருமா?" என்றாள்.

"ஆமா. அதான் சேஃப்" என்றேன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் கையாலேயே இரண்டையும் அழித்தாள். அந்தக் கொஞ்ச நேரம் மறுபடி கிடைக்காதா என்று இன்றும் மனம் ஏங்குகிறது.

அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை எங்கள் கடையில்தான். அவளே உட்கார்ந்து பெயர்களைத் தட்டினாள். எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

"அண்ணே, தப்பு இருக்கான்னு ஒருக்கா பாத்துருங்க" என்றாள்.

திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை.