சட்டையாச்சும் நிக்கட்டும்

காலை ஏழரை ஆனால் எங்கள் ஊர் விலக்கு பஸ் ஸ்டாப்பில் சரண்யாதேவி ஓர் ஆளுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டிருப்பாள். ஆள், வைக்கோல். வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள்பை எல்லாம் உண்டு. "அண்ணே, சாயாம நில்லுங்க, பஸ்ஸு வருது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொள்வாள்.

உசிலம்பட்டியில் பாலிடெக்னிக் படிக்கிறாள். காலையில் ஒரே டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து, பெண்கள் மட்டும் நின்றால் அதன் டிரைவருக்கு பிரேக் எங்கிருக்கிறது என்பதே மறந்துவிடும். ஓர் ஆண் நின்றால் ஞாபகம் வந்துவிடும். சரண்யா மனுவெல்லாம் கொடுக்கவில்லை, ஆளைச் செய்துவிட்டாள்.

அவள் அப்பா முத்திருளன் விறைப்பான மனிதர். தன் சட்டை பொம்மைக்குப் போனதில் ஏகக் கோபம். பஸ்ஸுக்காக ரோட்டில் போய் நிற்பது தனக்குக் கௌரவமில்லை என்றும் சொல்லிவிட்டார்.

"நீங்க நிக்க வேணாம்ப்பா. உங்க சட்டையாச்சும் நிக்கட்டும்" என்றாள்.

குடும்பத்தோடு பார்க்கிற சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் கலெக்டர் வந்து சால்வை போட்டிருப்பார். எங்கள் ஊரில் டிரைவர் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் எந்த ஆணையும் அவர் நம்பவில்லை. உயிரோடிருக்கிற எனக்கே நிற்காமல் போனார். வைக்கோல் இல்லை என்று காட்ட ஊர்ப் பெரிய மனிதர்களெல்லாம் ரோட்டோரம் துள்ள வேண்டியதாயிற்று. நான் துள்ளியதில் கால் பிசகிக்கொண்டது.

சரண்யா அசரவில்லை. பழைய வேனின் வைப்பர் மோட்டாரையும் பேட்டரியையும் பொம்மைக்குள் வைத்துக் கையை ஆட்டவைத்தாள். "அம்புட்டுத்தான் மாமா, அண்ணனுக்கு உயிர் வந்திருச்சு" என்றாள் என்னிடம்.

செமஸ்டர் பரீட்சையன்று மோட்டார் சூடேறி அண்ணன் புகைந்தார். நானும் அவளும் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம். வளைவில் பஸ் சத்தம் கேட்டது. நொண்டிக் காலோடு நான் எங்கே துள்ள? இதை விட்டால் பரீட்சை போச்சு. அவ்வளவு தைரியசாலி, கரிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புகையைப் பார்த்துத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த முத்திருளன் மகள் முகத்தைப் பார்த்தார். சட்டையைப் பற்றிப் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டுக்குப் போய்க் குதிக்க ஆரம்பித்தார்.

பஸ் நின்றது. சரண்யா ஏறினாள், பஸ்ஸும் கிளம்பிப் போய்விட்டது. முத்திருளன் குதிப்பதை நிறுத்தவில்லை.