ஒன்பதாம் வளைவின் உமி மூட்டைகள்

1. மூட்டை பிடிப்பவன்

ஏற்காட்டில் மோட்டார் சைக்கிள் ரேஸ் நடந்தது என்று சொன்னால் இன்றைய பையன்கள் சிரிக்கிறார்கள். நடந்தது. எழுபதுகளில், ஒண்டிக்கடை முக்கிலிருந்து வாழவந்தி போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்குள் இரண்டு மைல் சர்க்யூட் இருந்தது. எஸ்டேட் முதலாளிக்கு பைக் பைத்தியம். லாரி போகும் பாதைக்குத் தார் போட்டு, வளைவுகளை அகலமாக்கி, வருடம் ஒரு ரேஸ் நடத்தினார். மொத்தம் ஏழு ரேஸ். ஏழிலும் நான் வேலை பார்த்தேன்.

நான் ஆறாவது வரை படித்தவன். லாரி கிளீனர், கிணறு வெட்டு, கல் குவாரி என்று எல்லாம் பார்த்துவிட்டேன். அதுவரை எந்த ஊரிலும் முழுதாக ஒரு வருடம் இருந்ததில்லை. நான் கிளீனராக இருந்த லாரி அடிவாரத்தில் ஆக்சில் உடைந்து நின்றது. சும்மா காத்திருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறி மலைக்கு வந்தேன். எஸ்டேட்டில் மூட்டை பிடிக்கும் வேலை கொடுத்தார்கள். காப்பியைச் சாக்கில் கொட்டி, குலுக்கி, ஏறி மிதித்து, கோணி ஊசியால் தைக்க வேண்டும். நான் தைத்த மூட்டையைத் தட்டினால் மரக்கட்டையைத் தட்டியதுபோல் சத்தம் வரும். அந்தப் பெயர்தான் என்னை ரேஸுக்குக் கொண்டுபோனது.

ரேஸ் கமிட்டி செக்ரட்டரி சேலத்துக்காரர், கனத்த உடம்பு. முதல் ரேஸுக்கு முந்தின வாரம் வந்து எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம், "ஏனுங்க ரைட்டரே, உங்க ஆளுகள்ல நல்லா மூட்டை புடிக்கறவன் யாருங்க?" என்று கேட்டார். ரைட்டர் என்னைக் காட்டினார்.

2. இருநூறு மூட்டை

சர்க்யூட்டில் ஒன்பதாம் வளைவுதான் மோசமானது. இறக்கத்தில் நேராக வரும் வண்டி சட்டென்று இடதுபக்கம் ஒடிக்க வேண்டும். ஒடிக்கத் தவறினால் எதிரே கருங்கல் சுவர். அந்தச் சுவருக்கு முன்னால் இருநூறு மூட்டை அடுக்க வேண்டும் என்றார் செக்ரட்டரி. காப்பியை மில்லில் உரித்த பிறகு மிஞ்சும் காய்ந்த உமி மலைபோல் குவிந்து கிடந்தது. அதைச் சாக்கில் நிரப்பச் சொன்னார்கள்.

எனக்குத் துணையாக, எஸ்டேட்டில் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த சூசையம்மாக்காவும் அவர் கேங்கில் எட்டுப் பெண்களும் வந்தார்கள். மூன்று நாள் மிதித்தோம். காப்பிக்கு எப்படி மிதிப்போமோ அப்படியே மிதித்தோம். வேறு மாதிரி எங்களுக்குத் தெரியாது. செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி மாற்றி அடுக்கி, மேலே சுண்ணாம்பு அடித்தேன். செக்ரட்டரி பார்த்துவிட்டு, "நொம்ப அழகுங்க, கட்டடமாட்டம் இருக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. பிராக்டிஸ்

ரேஸுக்கு முதல் நாள் காலையில் பிராக்டிஸ். கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர், தானே பாகம் பாகமாகப் பூட்டிய வண்டியில் வந்திருந்தார். ஒன்பதாம் வளைவில் வழுக்கி, வேகமெல்லாம் அடங்கிய பிறகுதான் மூட்டையில் போய் மோதினார். சைக்கிளிலிருந்து விழுகிற வேகம்தான், எழுந்து போயிருக்க வேண்டியவர். இங்கே காரை எலும்பு முறிந்துவிட்டது. ஜீப்பில் ஏற்றி சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அவர் நேரம் சரியில்லை என்றார்கள். சூசையம்மாக்கா மட்டும் மூட்டையை முஷ்டியால் குத்திப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, நீ மூட்டை புடிச்சியா, செவுரு கட்டுனியா?"

நான் எட்டி உதைத்தேன். கால் பெருவிரல் வலித்தது. மூட்டையில் விரல் அளவுக்குக்கூடப் பள்ளம் இல்லை. கல் சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்பியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் வண்டிகள் இதே இறக்கத்தில் முழு வேகத்தில் வரப்போகின்றன.

நேரே செக்ரட்டரியிடம் போனேன். "தப்பு என்னுதுங்க. அத்தனை மூட்டையும் பிரிச்சுப் பாதி உமியக் கொட்டோணுங்க."

"நாளைக்குச் சீஃப் கெஸ்ட் வர்றாருப்பா. கட்டுனதப் பிரிச்சுக் குப்பையாட்டம் போட்டா என்ன நெனைப்பாரு? ஒருத்தன் உழுந்தான்னு எல்லாருமா உழுவாங்க?"

"நீங்க ஒருக்கா தோள் குடுத்து மோதிப் பாருங்க. வலிக்கலீன்னா நான் இப்பவே பஸ் ஏறிப் போயர்றேன்."

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. என்னோடு வளைவுக்கு வந்து, நாலு அடி ஓடி, தோளால் இடித்தார். தோளைத் தேய்த்துக்கொண்டே, "பிரிங்கப்பா" என்றார்.

சூசையம்மாக்காவிடம் சொன்னேன். "மூணு நாளு மிதிச்சுக் காலு வீங்கிக் கெடக்குது. இப்ப அவுக்கச் சொல்றான் பாரு!" என்று கத்தினார். கத்திக்கொண்டேதான் அரிவாளை எடுத்தார். நான் போட்ட தையல் எனக்கே பிரியவில்லை, அறுத்தோம். பாதி உமியைக் கொட்டி, வாயைத் தளர்வாகக் கட்டி, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இரண்டு வரிசையாகச் சாய்த்து வைத்தோம். பொழுது இறங்குவதற்குள் முடித்தோம்.

"சந்தையில விக்காத சரக்காட்டம் இருக்குது" என்றார் அக்கா. உண்மைதான்.

4. நாலாவது சுற்று

ரேஸில் என் வேலை அதே வளைவில், யாராவது விழுந்தால் பின்னால் வருபவர்களுக்கு மஞ்சள் கொடி காட்டுவது. நாலாவது சுற்றில் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு பிரேக் பிடிக்கவில்லை. வண்டி நேரே மூட்டைக்குள் போனது. உமி புகைபோல் எழும்பி வளைவையே மூடிவிட்டது.

எனக்கு அவரிடம் ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் பின்னால் ஆறு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. கொடியை விட்டால் அவையும் வந்து விழும். திரும்பிப் பார்க்காமல் வீசிக்கொண்டே நின்றேன். காதை மட்டும் பின்னால் வைத்திருந்தேன். சூசையம்மாக்கா ஓடும் சத்தம் கேட்டது.

"கண்ணு! கையக் கால அசைச்சுப் பாரு!"

முதலில் உமி சரியும் சத்தம். பிறகு இருமல். பிறகு ஒரு குரல், "வண்டி ஸ்டார்ட் ஆகுமா?"

"வண்டி கெடக்குது. மொதல்ல வாயில இருக்கற உமியத் துப்பு சாமி!"

கடைசி வண்டி போன பிறகுதான் திரும்பினேன். அந்த ஆள் தலையிலிருந்து கால்வரை உமியோடு, தன் காலில் நின்றுகொண்டிருந்தார். மூட்டைகள் கிழிந்து சிதறிக் கிடந்தன. என் வாழ்நாளில் நான் பிடித்த மூட்டைகளில் அவைதான் நல்ல மூட்டைகள்.

அடுத்த ஆறு ரேஸிலும் அங்கே பலர் விழுந்தார்கள். ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. அதன்பின் முதலாளி காலமானார். பிள்ளைகள் எஸ்டேட்டைப் பிரித்துக்கொண்டார்கள், பாதையின் குறுக்கே ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கேட் விழுந்தது. சர்க்யூட் அதோடு முடிந்தது. நானும் மலை இறங்கி வேறு ஊர் வேறு வேலை என்று போனேன். போன இடமெல்லாம் அந்த வளைவைப் பற்றிப் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

சொல்லும்போது லேத் பட்டறைக்காரரை விட்டுவிடுவதில்லை. ரேஸ் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், மூட்டை பிடித்தவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். "அதுல என்னத்தப் போட்டு வெச்சிருந்தீங்க, கல்லா?" என்று கேட்டார். உமிதான் என்றேன். அவர் நம்பவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உனக்கு வேலை தெரியும் என்று யாராவது கூப்பிட்டால் உடனே கை வைக்காதே. இது எதற்கு என்று முதலில் கேள். நான் கேட்கவில்லை. அதற்கு வேறொருவர் ஆஸ்பத்திரியில் படுத்தார்.