இரட்டை இழை

பீளமேட்டில் நான் ஆராய்ச்சி செய்த கல்லூரியில், என் வழிகாட்டி கோபப்படவே மாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல். நமக்குப் பக்கத்தில், ரிஷபத்தில், நட்சத்திரங்கள் பிறக்கும் ஒரு தூசு மேகம் இருக்கிறது. அதில் புது நட்சத்திரம் தேடுவதுதான் என் ஆய்வு. "அதை எல்லாரும் சலிச்சுப்போட்டாங்க அம்மணி. புதுசா ஒரு இளம் நட்சத்திரமாவது கெடைக்கலைன்னா, அடுத்த ஆய்வுக்குழுக் கூட்டத்துல தலைப்பை மாத்திக்கலாங்க" என்றார். இத்தனை வருட உழைப்பைக் குப்பையில் கொட்டவா? முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

பல்லடத்தில் வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். பக்கத்தில் அம்மா, எங்கள் தறியில் ஓடிய காடாத் துணியை விளக்கு மேசையில் விரித்துப் பழுது தேடிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறையெல்லாம் எனக்கும் அதே வேலைதான். இரண்டு நூல் ஒட்டி ஓடினால் பழுது. குறி போட்டுத் தள்ளிவிட வேண்டும். ரிஷபத்தில் இனி எதுவும் கிடைக்காதாம் என்று அம்மாவிடம் புலம்பினேன்.

"ரிசபமா? உங்கப்பா ராசியாச்சே. லேசுல எதுவும் குடுக்காது கண்ணு" என்று சிரித்தபடி அம்மா ஓர் இடத்தில் குறி போட்டார்.

"என்னங்கம்மா அது?"

"ரெட்டை இழை."

சட்டென்று திரையைப் பார்த்தேன். அகச்சிவப்புப் படங்களில், ஒட்டிக்கொண்டு இரண்டாகத் தெரிந்த புள்ளிகளையெல்லாம் படக்கோளாறு என்று நானும் தள்ளியிருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, துணி பார்த்த கைப்பழக்கம். பல நட்சத்திரங்கள் இரட்டையாகவே பிறக்கும் என்று பரீட்சையில் எழுதியவளும் நான்தான். என் மண்டையில் நானே ஓங்கிக் குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தள்ளியதையெல்லாம் திரும்ப எடுத்தேன். பெரும்பாலானவை உண்மையிலேயே கோளாறு. சில, தூசு போர்த்திய கிழட்டு நட்சத்திரங்கள். இளசு போலவே சிவந்து நின்று ஏமாற்றும். ஒரே ஒரு சோடி மட்டும் மேகத்தோடு சேர்ந்தே நகர்ந்தது; அங்கேயே பிறந்ததாக இருக்கலாம்.

"லித்தியம் இருந்தாத்தான் நம்புவேனுங்க" என்றார் வழிகாட்டி. இளம் நட்சத்திரத்தில்தான் அது எரிந்து தீராமல் இருக்கும். ஒளியைப் பிரித்துப் பார்க்க, மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் நேரம் கேட்டோம். ரிஷபம் உச்சிக்கு வரும் கார்த்திகையில்தான் நம் ஊரில் மழையும் பிடித்துக்கொள்ளும். கிடைத்த இரவு மழையில் போயிற்று. மறுபடி கேட்டேன், மறுபடியும் மழை. விடுவேனா? தை பிறந்ததும் கேட்டேன்.

ஆய்வுக்குழு கூடுவதற்கு முந்தைய நாள் மதியம் தரவு வந்தது. இரண்டு நட்சத்திரங்களிலும் லித்தியத்தின் கோடு அழுத்தமாக விழுந்திருந்தது. வழிகாட்டி இரண்டு கோடுகளையும் அளந்து பார்த்தார். "தலைப்பு அப்படியே இருக்கட்டுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"ரெட்டையால்ல இருக்குது கண்ணு. நாளைக்குக் குழுவுல பழுதுன்னு தள்ளிட மாட்டாங்களா?"

"தள்ள உடமாட்டனுங்கம்மா" என்றேன்.