அஞ்செட்டி மூன்றரை பஸ்

நேற்று ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அலுவலகம் போகும்போது, பக்கத்து இருக்கைப் பெண் கைப்பேசியில் உலக ஜூனியர் தடகளப் போட்டி பார்த்துக்கொண்டு வந்தாள். பெண்கள் எண்ணூறு மீட்டர். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற உடம்பு என்னுடையது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், அப்படியொரு போட்டியில் நானும் இந்தியாவுக்காக ஓடியிருக்கிறேன். முதல் சுற்றிலேயே கடைசி. எனக்கு முன்னால் வந்தவள் ஷூ கயிற்றை அவிழ்த்து முடித்த பிறகுதான் நான் கோட்டைத் தொட்டேன். சட்டை வேறு தொளதொளவென்று இருந்தது. அது மேரிக்காக வந்த சட்டை.

மேரியை நினைத்தால் மாங்கூழ் வாசனைதான் முதலில் வரும். கிருஷ்ணகிரி மண் மைதானத்தில் நாங்கள் ஓடிய காலத்தில், ஜூன் மாதமானால் கூழ் ஃபேக்டரிகளிலிருந்து புளித்த வாடை காற்றில் இறங்கும். நாகரசம்பட்டி மாந்தோப்பில் வளர்ந்த எனக்கே குமட்டும். அவளோ, "நல்லா இழுத்துக்க புள்ள, காசில்லாத ஜூஸு" என்பாள். அஞ்செட்டிக்கு மேலே மலையில் அவள் ஊர். வீட்டில் ராகியும் நாலு மாடும். ஓடும்போது சுற்றுகளைக் கன்னடத்தில் எண்ணுவாள். "ஒந்து, எரடு" என்று முன்னால் கேட்கும், பின்னால் நான். அவள் முதுகைப் பார்த்தே ஓடக் கற்றவள் நான்.

தேர்வுப் போட்டியில் அவள் முதலிடம், நான் இரண்டாவது. ஒருத்திக்குத்தான் இடம், நான் ரிசர்வ். பெங்களூரில் முகாம். அங்கேதான் வயது விவகாரம் வந்தது. பள்ளியில் சேர்த்தால் மதியம் சோறாவது கிடைக்குமென்று, ஐந்து வயது ஆவதற்கு முன்பே அவள் அப்பா அண்ணனோடு அவளையும் கூட்டிப் போயிருக்கிறார். வாத்தியாரும் இரக்கப்பட்டு ஒரு வயது கூட்டி எழுதிவிட்டார். இங்கே நடந்த போட்டிகளிலெல்லாம் ஆதார் அட்டையைக் காட்டி ஓடினாள். அதில் சரியான வருடம். பாஸ்போர்ட்டில் பள்ளிச் சான்றிதழின் வருடம் ஏறிவிட்டது. அந்தக் கணக்கில் அவள் ஜூனியர் இல்லை.

"ஞானஸ்நானச் சான்று இருந்தா பேசிப் பாக்கலாம். புதன்கிழமைக்குள்ள வேணும்" என்றார் எங்கள் கோச்.

முகாமிலிருந்து அவளை வெளியே விடவில்லை. ஊரில் டவர் கிடையாது. அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று லீவு வாங்கியிருந்த என்னிடம்தான் கேட்டாள். "கோயில்ல ரிஜிஸ்டர் இருக்குது. பாதரு எழுதிக் குடுப்பாரு. போயிட்டு வந்துடு புள்ள."

செவ்வாய்க்கிழமை அஞ்செட்டிக்குப் போனேன். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோயிலில் ஒரு சிஸ்டர், "பாதர் மலைமேல பூசைக்குப் போயிருக்கார், நாலு மணிக்கு வந்துடுவார், உக்காரும்மா" என்று சொல்லி, தண்ணீரும் கொடுத்தார். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றரைக்கு ஒரு பஸ். அதை விட்டால் ஆறு மணிக்கு இன்னொன்று. மூன்றரை பஸ் வந்து நின்றது. நான் எழுந்து போய் ஏறிக்கொண்டேன்.

இத்தனை வருடமாக அப்படி எழுந்ததற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். தலைவலி என்று ஒரு காலத்தில் நானே நம்பினேன். தலை வலிக்கவேயில்லை.

முகாமுக்குத் திரும்பியதும் மேரி, "போனியா?" என்றாள்.

"போனேன். பாதர் இல்ல."

"செரி, வுடு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். சான்று வந்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்களா, தெரியாது. அது தெரியாமலே போகும்படி செய்தவள் நான்தான். அவள் இடத்தில் நான் போய் ஓடினேன்; அந்த ஒரு போட்டிச் சான்றிதழை வைத்து விளையாட்டுக் கோட்டாவில் எனக்கு அரசு வேலை கிடைத்தது. அவள் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

போன வருடம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை, கையைப் பிடித்தபடி எட்டு வயது மகள். ஒதுங்கிப் போய்விடலாமா என்று நான் பார்ப்பதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள். மகளிடம், "இந்த அத்தை ஃபாரின்ல எல்லாம் போயி ஓடுனவங்க" என்றாள்.

பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீயும் ஓடுவியாம்மா?" என்று கேட்டது.

"நானா? நான் சும்மா இவங்க கூட ஓடிக்கிட்டிருந்தேன்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலாம். அவள் பஸ் வந்தது. பிள்ளையை முன்னால் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.

அந்த மண் மைதானத்தில் அவள் எப்படி ஓடினாள் என்று சொல்ல இன்று யாருமில்லை. கோச் செத்துப்போனார். கூட ஓடியவர்கள் ஆளுக்கொரு ஊரில். அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழேயே நின்றேன்; சொல்லவில்லை.