காதுக்குள் பைக் சாவி

இடது காது நரம்பில் வளர்ந்திருந்த கட்டியை எடுப்பதற்காக நான் பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தபோது, பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக, அங்கே சொல்வதுபோல் பைஸ்டாண்டராக, ஒருவர் இருந்தார். பக்கத்து எலப்புள்ளி ஊர்க்காரர், தமிழ் பேசுகிறவர். காவி வேட்டி கட்டி, மாதக்கணக்கில் சோப்பைக் காணாத துண்டொன்றைத் தோளில் போட்டிருப்பார். பேசிக்கொண்டே பைக் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைவார். வந்த குறும்பியை உற்றுப் பார்த்துவிட்டு என் கட்டில் விரிப்பில் தேய்ப்பார். எனக்குக் குமட்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்தச் சாவியை என்னிடமே நீட்டினார்.

"ஏனுங்க, அழுக்குச் சேந்து சேந்து கெட்டியானதுதானுங்க இந்தக் கட்டி. அப்பப்பக் கொடஞ்சிருந்தீங்கன்னா தலைய அறுக்க வேண்டியதே இல்லீங்க."

"அது நரம்புல வந்ததுங்க. மொதல்ல சாவியத் தூர வையுங்க," என்றேன்.

கட்டி போனது. கூடவே அந்தக் காதும் போனது. முகத்தில் பாதி தொங்கிவிட்டது. கஞ்சி குடித்தால் கடைவாயில் ஒழுகுவது எனக்கே தெரியாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்கள். என் மனைவி டம்ளரைக் கழுவும் சாக்கில் எழுந்து போனாள்.

அவர்தான் வந்து அந்தத் துண்டால் என் வாயைத் துடைத்தார்.

"ஒழுகுதுங்க," என்றார், கூரையைச் சொல்வதுபோல. பிறகு அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டத்தான் செய்கிறது. அவருக்கு ஏன் குமட்டவில்லை என்பதுதான் புரியவில்லை.