டிக் போட்டது நான்தான்

திருப்பாதிரிப்புலியூரில் அப்போது பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஒரு டீச்சர் தன் மகளுக்கு ஆன்லைனில் புத்தகம் வாங்கித் தரச் சொல்லிக் கார்டைக் கொடுத்தார். கூட்டம் ஜாஸ்தி. திரையில் வந்த கட்டத்திலெல்லாம் வழக்கம்போலப் படிக்காமல் டிக் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து பாஸ்புக்கோடு வந்தார். புத்தகம் விற்ற கம்பெனியில் மெம்பர்ஷிப் என்று மாதாமாதம் பணம் பிடித்திருந்தார்கள். அந்தக் கட்டங்களில் ஒன்றுதான் அது என்று உடனே புரிந்துவிட்டது. சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன்.

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது தம்பி. இனிமே வர்றவுங்ககிட்டயாவது சொல்லி வைங்க" என்றார்.

தலையாட்டினேன். மெம்பர்ஷிப்பை ரத்து செய்ய அரை மணி நேரம் பிடித்தது. அதற்கு இருபது ரூபாய் நீட்டினார். வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பாரே என்று வாங்கிக்கொண்டேன்.

கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று யாராவது திட்டினால், நான் இப்போதும் கூடச் சேர்ந்து திட்டுவதில்லை.