கம்பிச் சடக்கு

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக் கட்டைகளுக்குக் கறுப்புக் கீல் பூசிக்கொண்டிருக்கிறார். அந்த வாசனை சன்னல் வழியாக வந்ததுமே, மூவார் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், ஆற்றின் மேல் கேட்பாரற்று நின்ற ரயில் பாலத்தில் மறுபடி சிறுவனாகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா கல்யாணமாகி அந்தப் பாலத்தின் மேல்தான் ரயிலில் போனாள். அவளுடைய மஞ்சள் முந்தானை அக்கரை நீப்பா மரங்கள் வரை சன்னலுக்கு வெளியே பறந்தது. கொஞ்ச நாளில் ரயிலை நிறுத்தி, கம்பிச் சடக்கு என்று நாங்கள் சொல்லும் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது வெயிலில் கீல் கசியும் கட்டைகளும், அவற்றின் இடுக்கில் ஓசையில்லாமல் நகரும் பழுப்புத் தண்ணீரும், ஆணி பிடுங்கிய ஓட்டைகளில் குடியேறிய கருவண்டுகளின் முனகலும்தான். அம்மா ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வரும்வரை நான் தனியாக அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"அக்கா எப்பம்மா வரும்?"

"கம்பிச் சடக்கையே பேத்துட்டாங்களே, எப்படிடா வருவா?" என்பாள் அம்மா, பால் வாளியைக் கழுவிக்கொண்டே. அது எனக்கு நியாயமாகவே பட்டது.

ஒரு மத்தியானம், அக்காவின் ஊருக்குப் போயிருந்த அப்பா அக்கரையிலிருந்து பாலத்தின் கட்டை கட்டையாகக் கால் வைத்து நடந்து வந்தார். அவர் தலையில் அக்காவின் தகரப் பெட்டி இருந்தது. என்னைத் தாண்டி நேரே வீட்டுக்குப் போனார்.

அன்று நான் கேட்காமலேயே அம்மா சொன்னாள்: "கம்பிச் சடக்கு இல்லடா. அவ எப்படி வருவா?"

பெட்டி எந்த வழியாக வந்தது என்று நான் கேட்கவில்லை.